அமாவாசைக்கு ஒரு பிடி

முன்னொரு காலத்தில், மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடிக்காத காலத்தில், கொன்றைநாடு என்று ஒரு நாடு இருந்தது. பூபதிராயன் என்ற ராஜா அதை ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. வரி அதிகம் வாங்க மாட்டான், யாரையும் அடிக்க மாட்டான். ஆனால் யோசிப்பதற்கு முன்னாலேயே சிரித்துவிடுவான். ஒரு ராஜாவிடம் அந்த ஒரு குறை போதாதா, நாடே அல்லாட?

கோட்டையின் தெற்கு வாசலில் செம்பாயி என்ற பெண் பிடிகொழுக்கட்டை விற்றுவந்தாள். அரிசி மாவு, வெல்லம், தேங்காய்ப்பூ. மூன்றையும் பிசைந்து கையில் வைத்து ஒரு பிடி பிடித்தால் நாலு விரலும் பதியும். அப்படியே ஆவியில் வேகவைக்க வேண்டியதுதான். செம்பாயியின் விரல் பதிந்த கொழுக்கட்டை என்றால் கோட்டைக் காவலர்கள் காவலை மறந்து வந்து நிற்பார்கள். அவள் புருஷன் வீரணன், ராஜாவின் யானைக் கொட்டடியில் பாகன். எட்டு மாசத்தில் ஒரு பெண் குழந்தை. சிட்டு என்று கூப்பிடுவார்கள்.

ஒருநாள் சாயங்காலம் வீரணன் வேலை முடிந்து வந்து, கால் கழுவிக்கொண்டே, "இன்னிக்கு அரண்மனையில ஒரு கூத்து நடந்துச்சு" என்றான்.

"என்ன கூத்து?"

"ராஜாவுக்குப் பிறந்தநாள் இல்லையா? தூமகேதுன்னு ஒரு மந்திரவாதி வந்தான். செம்பட்டைத் தாடி, பனைமரம் மாதிரி உயரம். மாங்கொட்டையை நட்டான், மரமாச்சு. கையைத் தட்டினான், பூத்துச்சு. இன்னொரு தட்டு, பழமாக் கொட்டுச்சு. நான் கோதை மேல உட்கார்ந்தபடியே நாலு பழம் பறிச்சேன்னா பாரேன்."

கோதை என்பது வீரணன் ஓட்டும் பெண் யானை.

"ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். 'என்ன வேணும், கேள்'னார். அவன் பொன்னு கேட்கலை, பொருள் கேட்கலை. 'தனியா இருந்து அலுத்துப்போச்சு. உங்க எல்லாரோடயும் இங்கேயே இருந்துக்கிறேன்'னான். ராஜா சபையைச் சுத்திப் பார்த்தார். ஒருத்தரும் வாயைத் திறக்கலை. உடனே ராஜா சிரிச்சுட்டார். 'உன்னை இங்கே ஒருத்தருக்கும் பிடிக்கலையேப்பா!'ன்னார். ராஜா சிரிச்சா சபை சும்மா இருக்குமா?"

"நீங்களும் சிரிச்சீங்களா?"

வீரணன் தலையைக் குனிந்துகொண்டான். "கொஞ்சம்" என்றான்.

"அப்புறம்?"

"அவன் கமண்டலத்துத் தண்ணியைத் தரையில கொட்டினான். 'பிடிக்கலையா? சரி. இந்த நாட்டுல இனிமே பிடின்னு ஒண்ணு இருக்க வேண்டாம். அமாவாசைக்கு ஒரு பிடி போகட்டும். கடைசிப் பிடியும் போகிற அன்னிக்கு இந்த நாடு மணலா உதிரட்டும்'னு சொல்லிட்டுப் புகையா மறைஞ்சுட்டான். ராஜா அதுக்கும் சிரிச்சார்."

முதல் அமாவாசை வந்தது.

காலையில் செம்பாயி கரண்டியை எடுத்தாள். கரண்டி அடுப்பில் விழுந்தது, பிடி மட்டும் கையில் நின்றது. கத்தியை எடுத்தாள், அதுவும் அப்படியே. தெருவில் எட்டிப் பார்த்தால் ஊரே அப்படித்தான். அரிவாளுக்குப் பிடி இல்லை, மண்வெட்டிக்குப் பிடி இல்லை, திருகைக்குப் பிடி இல்லை. ராஜாவின் வாள்கூடப் பிடி கழன்று, வெறும் இரும்பாகக் கிடந்தது. தச்சர் புதுப் பிடி போட்டார். போட்ட கணமே அது கழன்று விழுந்தது.

ஊரார் கூடிப் பேசினார்கள். இரும்பில் துணியைச் சுற்றிக்கொண்டார்கள். "போனால் போகிறது, சமாளித்துக்கொள்ளலாம்" என்றார்கள்.

இரண்டாம் அமாவாசை வந்தது.

ஆண் யானைக்குக் களிறு என்று பேர், பெண் யானைக்குப் பிடி என்று பேர். கொன்றைநாட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அன்று விடிந்தபோது ராஜாவின் கொட்டடியில் இருந்த இருபத்தொரு பிடிகளின் கால் சங்கிலிகளும் தாமாகக் கழன்றன. இருபத்தொன்றும் வரிசையாக எழுந்து காட்டுப் பக்கம் நடந்தன. வீரணன் கோதையின் தும்பிக்கையைக் கட்டிக்கொண்டு கூடவே ஓடினான். எல்லைக் கல் வரை ஓடினான். அதற்கு மேல் அது அவனை மெல்ல விலக்கிவிட்டு, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அன்று முதல் வீரணன் சரியாகச் சாப்பிடவில்லை.

ஊரார் கூடிப் பேசினார்கள். களிறுகள்தான் இருக்கின்றனவே என்றார்கள். "போனால் போகிறது, சமாளித்துக்கொள்ளலாம்" என்றார்கள்.

மூன்றாம் அமாவாசையும் வந்தது.

செம்பாயி மாவை அள்ளிக் கையை மூடினாள். கை மூடவில்லை. விரல்கள் வாழை இலை மாதிரி விரிந்தே நின்றன. மாவு உதிர்ந்தது. "என்னடா இது!" என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டிலில் சிட்டு அழுதாள். பழக்கத்தில் ஓடிப்போய்த் தூக்கினாள். தூக்கின குழந்தை கையிலிருந்து நழுவிற்று. ஐயோ என்று முழங்காலை மடக்கி, இரண்டு முழங்கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் அதைக் கையால் தூக்கவே இல்லை.

ஊர் முழுக்க யார் கையிலும் பிடி இல்லை. கிணற்றுக் கயிற்றை இழுக்க முடியவில்லை, துடுப்புப் போட முடியவில்லை, ஒரு கவளம் சோறு உருட்ட முடியவில்லை. உள்ளங்கையைக் குழித்து அள்ளிக் குடித்தார்கள். குழந்தைகளை முதுகோடு சேலையால் சுற்றி, பல்லால் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டார்கள். அப்படி இருந்தும் ஊரார் கூடிப் பேசினார்கள். "போனால் போகிறது..." என்று ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை யாரும் முடிக்கவில்லை.

நாட்கள் போயின. ஒருநாள் மத்தியானம் செம்பாயி தட்டில் கஞ்சி ஊற்றி, முழங்கையால் தள்ளி வீரணன் முன்னால் வைத்தாள்.

"ஒரு வாய் குடிங்க."

"வேண்டாம் செம்பாயி. எனக்கு ஒண்ணும் பிடிக்கலை."

செம்பாயி அப்படியே நின்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"பிடிக்கலைன்னேன்."

"என்னங்க, அந்த மந்திரவாதி சொன்னதை மறுபடி சொல்லுங்க. ஒரு சொல் மாத்தாம சொல்லுங்க."

வீரணன் சொன்னான். செம்பாயி மனசுக்குள் எண்ணினாள். அமாவாசைக்கு ஒரு பிடி. கரண்டிப் பிடி போயிற்று. பெண் யானைப் பிடி போயிற்று. கைப்பிடி போயிற்று. அந்தச் சொல்லுக்குள் இன்னும் என்ன பாக்கி?

சிட்டு தரையில் தவழ்ந்து வந்து அவள் சேலையில் முகம் தேய்த்தது. அதைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பாக்கி என்ன என்று புரிந்துவிட்டது.

"என்னங்க, எனக்கு உங்களைப் பிடிக்கும். சிட்டுவைப் பிடிக்கும். அதுவும் பிடிதானே? அடுத்த அமாவாசைக்கு அது போயிடும்."

அமாவாசைக்கு இன்னும் ஏழே நாள் இருந்தது. அன்று விடிந்ததும் குழந்தை அழும். அழட்டும் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதைத் துணி சுற்றிச் சமாளிக்க முடியுமா?

அந்த நிமிஷமே செம்பாயி அரண்மனைக்குப் போனாள்.

ராஜா சிங்காசனத்தில் இருந்தான். செங்கோலை முழங்கையோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் அரண்மனைப் பண்டிதர். இப்போதெல்லாம் ராஜா சிரிப்பதே இல்லை.

"மகாராஜா, அடுத்த பிடி எதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"அடுத்து ஒன்றும் கிடையாதம்மா" என்றார் பண்டிதர். "ஓலைச்சுவடி முழுக்கப் பார்த்துவிட்டேன். ஆயுதத்தின் பிடி, பெண் யானை, கைமுட்டி. பிடிக்குப் பொருள் அவ்வளவுதான்."

"பிடிக்கும்னு சொல்றோமே ஐயா? பிள்ளையைப் பிடிக்கும், புருஷனைப் பிடிக்கும், ஊரைப் பிடிக்கும்?"

பண்டிதர் சுவடியை முழங்கையால் தள்ளிவைத்தார். "போகட்டுமே அம்மா. தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? பிடித்தம் போனால் பிரியம் இருக்கிறது. பிரியம் இல்லையென்றால் நேசம், விருப்பம், ஆசை, இஷ்டம். அதில் ஒன்றை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்" என்றார்.

"கரண்டிப் பிடிக்குக் காம்புன்னும் ஒரு பேர் உண்டு ஐயா. காம்புன்னு கூப்பிட்டதும் கழன்ற பிடி ஒட்டிக்கிச்சா? போறது பேரா இருந்தா வேற பேர் வைக்கலாம். போறது பொருளாச்சே!"

ராஜா எழுந்தான். "நான் சிரித்த சிரிப்பால் வந்த வினை. நானே போய் அவன் காலில் விழுகிறேன்."

"வேண்டாம் மகாராஜா. உங்களைப் பார்த்ததும் அவருக்கு அந்த நாள் ஞாபகம் வரும். என் வீட்டுக்காரர் போனாலும் அப்படித்தான், அவரும் கொஞ்சம் சிரிச்சிருக்கார். நான் அன்னிக்குச் சபையில இல்லை. நான் போறேன்."

குழந்தையை வீரணன் முதுகில் கட்டிவிட்டாள். மாவு, வெல்லம், தேங்காய் மூன்றையும் மூட்டையாக்கித் தலையோடு சேர்த்துக் கட்டச் சொன்னாள். மந்திரவாதி காட்டாற்றுக்கு அப்பால் இருப்பதாக ஊரில் சொல்வார்கள் என்பதால், காட்டுப் பக்கம் நடந்தாள்.

ஒருநாள் நடந்தாள், இரண்டுநாள் நடந்தாள், மூன்றாம் நாள் ஒரு காட்டாற்றங்கரைக்கு வந்தாள். ஆற்றின் மேலே இரட்டைக் கயிற்றுப் பாலம். மேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழ்க் கயிற்றில் நடக்க வேண்டும். பிடிக்கத்தான் கை இல்லையே! செம்பாயி கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் உட்கார்ந்துட்டே செம்பாயி?" என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பினால் கோதை நிற்கிறது.

"நீயா பேசினே?"

"எங்களை விரட்டின மந்திரம்தான் எங்களுக்குப் பேச்சும் கொடுத்துச்சு. அதை விடு. வீரணன் சாப்பிடுறானா?"

"சரியாச் சாப்பிடறதில்லை."

கோதை பெருமூச்சு விட்டது. ஆற்றங்கரை நாணலெல்லாம் சாய்ந்து நிமிர்ந்தது. "நாங்க திரும்பி வரலாம்னு எத்தனையோ தடவை பார்த்தோம். எல்லைக் கல்கிட்ட வந்தாலே கால் தானாத் திரும்பிக்குது. நீ எங்கே போறே?"

செம்பாயி சொன்னாள். கோதை அவளைத் தும்பிக்கையால் தூக்கி மத்தகத்தில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கியது. அக்கரையில் இறக்கிவிட்டு, "அதோ தெரியுதே, அந்தப் பாறைக் குகைதான். ஒண்ணு மட்டும் நினைவுல வச்சுக்கோ. அது பொய் பொறுக்காத குகை. உள்ளே போய் ஒரு பொய் சொன்னா, சொன்னவங்க கல்லாயிடுவாங்க. மந்திரவாதியோட வேலை இல்லை அது, குகையோட குணம்" என்றது.

குகை வாசலின் உட்புறம் மூன்று கற்சிலைகள் நின்றன. ஒரு வியாபாரி, ஒரு இளவரசன், ஒரு பாட்டுக்காரன். மூன்று முகத்திலும் இளிப்பு. உள்ளே புலித்தோலில் தூமகேது உட்கார்ந்திருந்தான்.

"யாரது?"

"செம்பாயி, ஐயா. கொன்றைநாடு."

"கொன்றைநாடா!" அவன் தாடி சிலிர்த்தது. "கெஞ்ச வந்தாயா? வீண். நான் விட்ட மந்திரத்தை நானே திரும்ப எடுக்க முடியாது. அந்த நாட்டிலிருந்து யாராவது எனக்கு ஒரு பிடி கொண்டுவந்து கொடுத்தால் அது தானாகத் திரும்பும். அதுதான் அதன் விதி. ஆனால் உன் நாட்டில் ஏது பிடி? ஆயுதத்துக்கும் இல்லை, கொட்டடியிலும் இல்லை, கையிலும் இல்லை."

"ஒரு பிடி பாக்கி இருக்கு ஐயா. உங்களை ஒருத்தருக்கும் பிடிக்கலைன்னு சொன்னதாலதானே கோபப்பட்டீங்க? அந்தப் பிடி இன்னும் நாலு நாளைக்கு எங்ககிட்ட இருக்கு."

தூமகேது ரகசியம் கேட்பவனைப்போலக் குனிந்து, "அப்படியானால் கொடு" என்றான்.

"எப்படிக் கொடுப்பேன்? என் குழந்தை என் கையிலிருந்து நழுவிச்சு. எனக்கு உங்களைப் பிடிக்கலை. பிடிக்கும்னு சொன்னா இந்த மூணு பேர் பக்கத்துல நாலாவதா நிற்பேன்."

"அவர்கள் மூவரும் அப்படித்தான் சொன்னார்கள்" என்றான் தூமகேது, சிலைகளைப் பார்த்து. "மந்திரம் கற்றுக்கொள்ள வந்தார்கள். 'உங்களை ரொம்பப் பிடிக்கும்' என்றார்கள். ஒவ்வொரு தடவையும் நான் நம்பினேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ போகலாம்" என்றான்.

"போக மாட்டேன். நாலாவது நாள்தான் அமாவாசை, அதுக்கு முன்னால முழுசா மூணு நாள் இருக்கு. உட்கார்ந்து பார்க்கிறேன்."

முதல் நாள். தூமகேது கையைத் தட்டினான். குகை பொன் மாளிகை ஆயிற்று. பவளத் தூண், முத்துப் பந்தல், பன்னீர்க் குளம்.

"பிடித்ததா?"

"அழகா இருக்கு. ஆனா பிடிக்கலை ஐயா."

இரண்டாம் நாள். தூமகேது இரண்டு தடவை கையைத் தட்டினான். மல்லிகை மழையாய்ப் பெய்தது. மயில்கள் நூறு வந்து ஆடின. பாறை பாடியது.

"பிடித்ததா?"

"வாசனையா இருக்கு. ஆனா பிடிக்கலை ஐயா."

மூன்றாம் நாள். மறுநாள் அமாவாசை. தூமகேது கையைத் தட்டவில்லை. மல்லிகை வாடிக் கிடந்தது. அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செம்பாயி சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தாள். 

சூரியன் உச்சிக்கு வந்ததும் அவன் கேட்டான்: "அந்த மூட்டையில் என்ன?"

"மாவும் வெல்லமும். பிடிகொழுக்கட்டை செய்வேன். அதுதான் என் பிழைப்பு. இப்ப கை மூடலை."

"நான் சாப்பிட்டு எவ்வளவோ காலம் ஆயிற்று. மந்திரத்தில் வருகிற சோறு பசியை ஆற்றும், நாக்கில் நிற்காது."

"பசிக்குதா?"

அவன் வெட்கப்பட்டுத் தலையாட்டினான்.

"அப்ப நீங்கதான் செய்யணும். நான் சொல்லித் தர்றேன். தண்ணி கொண்டாங்க. மந்திரத் தண்ணி வேண்டாம், ஆத்துத் தண்ணி."

அவன் போய்த் தண்ணீர் மொண்டு வந்தான். அடுப்பு மூட்டினான், புகையில் இருமினான். வெல்லத்தைப் பொடித்தான், தேங்காய் துருவினான், மாவைப் பிசைந்தான். முதல் பிடி பிடித்தான். உதிர்ந்துபோயிற்று. இரண்டாவது பிடித்தான். விரல் இடுக்கெல்லாம் பிதுங்கிற்று.

"இறுக்காதீங்க ஐயா. கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க. விட்டா ஓடிடும், இறுக்கினா செத்துடும். அந்த அளவுக்கு."

மூன்றாவது நின்றது. நாலு விரலும் பதிந்திருந்தன. நாலாவதும் நின்றது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்போது எதையோ நினைத்தவனாய் நிமிர்ந்தான்.

"இந்தக் கையை வைத்துக்கொண்டு நீ குழந்தையை எப்படித் தூக்குகிறாய்?"

"தூக்கறதில்லை. முதுகோட கட்டிக்கிறேன். முதல் நாள் தெரியாம தூக்கிட்டேன், நழுவிடுச்சு. நல்லவேளை, முழங்கையால அணைச்சுக்கிட்டேன்."

அவன் கை நின்றுவிட்டது. "அடி பட்டுவிட்டதா?"

"இல்லை ஐயா."

"தலையில்? முதுகில்? நன்றாகப் பார்த்தாயா?"

"பார்த்தேன். ஒண்ணும் இல்லை. சிரிச்சுக்கிட்டிருந்தா."

தூமகேது மூச்சு விட்டான். "நான் ராஜாவின் வாளைத்தான் நினைத்தேன்" என்றான் மெல்ல. "அவன் செங்கோலை நினைத்தேன். தொட்டில்கள் என் நினைவுக்கே வரவில்லை. பேர் என்ன, குழந்தைக்கு?"

"சிட்டு."

"சிட்டு" என்று அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு கொழுக்கட்டைகளை வேகவைத்தான். வெந்ததும் முதலாவதை எடுத்து, சூடு போக ஊதினான். தனக்கு எவ்வளவு பசி என்று மறந்தவனைப்போல அதை அவள் விரிந்த உள்ளங்கையில் வைத்தான்.

செம்பாயிக்கு வாய் தவறி வந்துவிட்டது.

"நீங்க சிட்டுவுக்கு அடி பட்டுச்சான்னு கேட்டீங்களே ஐயா, அது எனக்குப் பிடிச்சிருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவள் திகிலோடு தன் காலைப் பார்த்தாள். தூமகேதுவும் அவள் காலைப் பார்த்தான். கல் ஆகிறதா? பாதம் கல்லாகவில்லை. முழங்கால் கல்லாகவில்லை. அவள் கைதான் அசைந்தது. சுண்டுவிரல் மடங்கியது, மோதிர விரல் மடங்கியது, ஐந்து விரலும் மடங்கி அந்தக் கொழுக்கட்டையைப் பிடித்துக்கொண்டன.

தூமகேது அதைப் பார்த்தான். தாடி நனைய அழுதான்.

அவர்கள் பொய்யாகச் சொன்ன சொல்லை ஒருத்தி உண்மையாகச் சொன்னதும், குகை அந்த மூன்று பேரையும் விட்டுவிட்டது. வாசலில் யாரோ தும்மினார்கள். வியாபாரி சிலை தும்மிவிட்டு உயிர் பெற்றான். இளவரசன் சோம்பல் முறித்தான். பாட்டுக்காரன் கண்ணைக் கசக்கினான். மூன்று பேரும் மந்திரவாதியைப் பார்த்து, "ஐயா, சத்தியமாகச் சொல்கிறோம், உங்களைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை!" என்று கத்திவிட்டு ஓடினார்கள். உண்மை சொன்னதால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தூமகேது அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டான்.

மறுநாள் அமாவாசை. யாருக்கும் எதுவும் போகவில்லை.

செம்பாயியைக் கோதை ஆற்றைக் கடத்தி, நாட்டு எல்லை வரை சுமந்து வந்தது. பின்னால் இருபது பிடிகளும் வந்தன. எல்லைக் கல்லைத் தாண்டியதும் கோதையின் பேச்சு நின்றுபோயிற்று, ஆனால் கால் திரும்பவில்லை. வீரணன் குழந்தையோடு அங்கே காத்திருந்தான். முதலில் யாரைக் கட்டிக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கோதை அவனைத் தும்பிக்கையால் வளைத்துச் செம்பாயியின் பக்கம் தள்ளியது. செம்பாயி அவன் முதுகிலிருந்து சிட்டுவை எடுத்து, இரண்டு கையாலும் உயரத் தூக்கினாள். குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. "இழுடி, நல்லா இழு!" என்றாள் செம்பாயி.

ஊரில் கிணற்றுக் கயிறுகள் ஏறி இறங்கின. தச்சர் பட்டறையில் பிடி போடக் கூட்டம் முட்டியது. ராஜா செம்பாயியை அழைத்து, "உனக்கு என்ன வேண்டும்? ஆற்றங்கரை வயல் முழுக்கத் தருகிறேன்" என்றான்.

"தாங்க மகாராஜா, வேண்டாம்னு சொல்ல மாட்டேன். கூடவே இன்னொண்ணும் வேணும். அவர் அங்கே தனியா இருக்கார். நீங்க போய்க் கூப்பிடணும்."

ராஜா பல்லக்கு வேண்டாம் என்றான், படை வேண்டாம் என்றான். மூன்று நாள் நடந்தே போனான். பொய் பொறுக்காத குகை என்று சொல்லி அனுப்பியிருந்தாள் செம்பாயி. அப்படியும் உள்ளே போனான்.

தூமகேது கேட்டான்: "இப்போது உமக்கு என்னைப் பிடிக்கிறதா, ராஜா?"

ராஜா வெகுநேரம் யோசித்தான். அவன் வாழ்நாளில் அவ்வளவு நேரம் யோசித்ததே இல்லை.

"இன்னும் பிடிக்கவில்லை" என்றான். "உன்னைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் அன்று நான் சிரித்தது தப்பு. நீ எங்கள் ஊருக்கு வந்து இரு. போகப் போகப் பார்க்கலாம்."

ராஜா கல்லாகவில்லை. தூமகேது புலித்தோலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"அது போதும்" என்று சொல்லிவிட்டு ராஜாவோடு நடந்தான்.

வந்தவனைப் பார்த்து முதல் வருஷம் ஊர்ப் பிள்ளைகள் ஓடி ஒளிந்தார்கள். இரண்டாம் வருஷம் தூர நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் வருஷம் அவன் மாமரத்தில் ஏறிப் பழம் திருடினார்கள். அவன் கம்பை எடுத்துக்கொண்டு துரத்தினான், வேண்டுமென்றே மெதுவாக. அன்றிலிருந்து அவன் அந்த ஊர்க்காரன்.

கதை முடிந்தது, மாம்பழமும் தீர்ந்தது. கேட்டவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கலாம்.